முதல் தீர்மானம் பாதை

மார்கழி பிறந்த ஐந்தாம் நாள் காலையில் நல்லகாமன் காலனிக்கு வந்தார். கருவேலங்குளம் ஊராட்சிக்கு முத்துமீனா தலைவர், அவர் துணைத்தலைவர். ஐந்து வருஷமாக ஒரே தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறவர்கள். ஆனாலும் அவர் காலனித் தெருவுக்குள் வண்டியை விட்டது அன்றைக்குத்தான். அதுவரை ஏதாவது வேண்டுமென்றால் ஆளனுப்புவார். இல்லையென்றால் ஊராட்சி அலுவலக வாசலில் நின்றுகொண்டு “ஏத்தா முத்துமீனா” என்று கூப்பிடுவார். அன்றைக்கு வீட்டு வாசலில் புல்லட்டை நிறுத்தி, “தலைவரம்மா இருக்காகளா?” என்று கேட்டார்.

முத்துமீனா அரிசி களைந்த கையோடு வெளியே வந்தாள்.

“பேப்பர் பாத்தீகளா?” என்றார் நல்லகாமன். மடித்து வைத்திருந்த தாளை விரித்துக் காட்டினார். மாநகராட்சியோடு சேர்க்க உத்தேசித்திருக்கும் ஊராட்சிகளின் பட்டியல் அது. பதினோராவதாகக் கருவேலங்குளம் இருந்தது.

“உத்தேசம்னுதான் போட்டுருக்கு. அதுக்குள்ள, எங்களுக்கு இது வேணாம்னு ஒரு தீர்மானம் போட்டு அனுப்பிரணும். கிராம சபையக் கூட்டுற அதிகாரம் ஒங்களுக்குத்தான். ஏழு நாளைக்கு முன்னாடி நோட்டீஸ் ஒட்டணும்ல, அதான் ஓடியாந்தேன்.”

“ஜனவரி அஞ்சாம் தேதியோட நம்ம பதவியே முடியுதுண்ணே.”

“அதுக்குள்ள முடிச்சிரணும்.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

நல்லகாமன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இதுல யோசிக்க என்ன இருக்கு? வீட்டு வரி ஏறும். கண்மாய் மீன் ஏலம் நம்ம கையில இருக்காது. தெருவுல ஒரு பல்பு எரியலன்னாக்கூட டவுனுக்குப் போயி நிக்கணும். ஒங்க ஆளுகளுக்கு நூறு நாள் வேல போயிரும். நான் எனக்காக மட்டும் சொல்லல.”

“தெரியும்ணே. நாளைக்குச் சொல்றேன்.”

அவர் போனபின் முத்துமீனாவுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உலை கொதித்து மூடியைத் தள்ளியது. இறக்கி வைத்தாள். வாசலைக் கூட்டினாள். கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டினாள்.

அவளுடைய புருஷன் சோணைமுத்து சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன். தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னான்: “எதுக்கு வேணாங்கிற? சேந்துட்டுப் போகட்டும். எந்தூருன்னு கேட்டா மதுரைன்னு ஒத்த வார்த்தையில முடிஞ்சு போகும். இப்ப கருவேலங்குளம்னு சொன்னா, கருவேலங்குளத்துல எங்கன்னு அடுத்த கேள்வி வருது.”

அந்த அடுத்த கேள்வி முத்துமீனாவுக்கும் தெரிந்ததுதான். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துப் போடும் வேலை பார்த்தாள். அங்கே யாரும் அவளைத் தெருப்பேர் கேட்டதில்லை. மத்தியானம் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் கிண்ணத்தில் ஒருத்தர் கைவைத்துச் சாப்பிட்டார்கள். கருவேலங்குளத்துக்கு வாக்கப்பட்டு வந்தபின் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டது காலனிக்குள் மட்டும்தான். ஊராட்சித் தலைவர் பதவி சுழற்சியில் தங்கள் பக்கம் வந்து, பிளஸ் டூ படித்தவள் என்று காலனியே சேர்ந்து அவளை நிறுத்தி ஜெயிக்க வைத்தபோதும் அது மாறவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் உறுப்பினர்கள் சிலர் கடைசிவரை நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார்கள். ஆகவே சோணைமுத்து சொன்னது அவளுக்குச் சரியென்றுதான் பட்டது.

அந்தச் சரி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வேலை நடக்கிற இடத்துக்குப் போகிறவரைக்கும்தான் நின்றது. நூறு நாள் வேலையில் எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். முக்கால்வாசி காலனிப் பெண்கள். செய்தி அதற்குள் அங்கே வந்திருந்தது. மலையம்மாள் மம்மட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு நேரே அவளிடம் வந்தாள். சோணைமுத்துவின் சின்னம்மா. அறுபது வயதுக்கு இரண்டு ஆள் வேலையைச் செய்வாள், மூன்று ஆள் பேச்சைப் பேசுவாள்.

“ஏத்தா, டவுனா ஆக்கிட்டா இந்த வேல கெடையாதாமே. மெய்யா?”

“மெய்தான் சின்னம்மா. இது கிராமத்துக்கு மட்டுந்தான்.”

“அப்ப நாங்க எங்கிட்டுப் போக? நடவுக்கும் ஆள் கூப்பிடுறதில்ல, வயலெல்லாம் பிளாட்டா மாறிக்கிட்டிருக்கு. இந்த வயசுல எனக்குச் சேலக்கடையில எவன் வேல குடுப்பான்?” சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசத் தொடங்கினார்கள். “நீ கையெழுத்தப் போடு. நல்லகாமன் சொல்றாருன்னு பாக்காத, நாங்க சொல்றோம்னு போடு” என்றாள் மலையம்மாள்.

சரியென்று தலையாட்டிவிட்டு முத்துமீனா கரைமேலேயே நடந்தாள். கரை தெற்கே கொஞ்ச தூரம் போனதும் குறுகி, முள்கம்பி வேலியில் முட்டி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் போன வருஷம் வைத்த தென்னங்கன்றுகள். அதற்கும் அப்பால் காலனியின் சுடுகாடு.

வருவாய்க் கணக்கில் அந்தக் கரை ஒரு வண்டிப்பாதை. காலனியிலிருந்து சுடுகாடு வரைக்கும் போகிறது என்று படத்தில் இருக்கிறது. நல்லகாமனின் பெரியப்பா மகன் காளை அதை வேலிக்குள் போட்டுப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பாதையை அளந்து மீட்க வேண்டும் என்று முத்துமீனா மூன்று தடவை தீர்மானம் கொண்டுவந்தாள். மூன்று தடவையும் அந்த நேரம் பார்த்து உறுப்பினர்கள் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். போதிய ஆளில்லாமல் கூட்டம் கலைந்தது.

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் அவளுடைய மாமனார் இறந்தார். வயல் வழியாகத்தான் பாடையைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. முத்துமீனா வயல் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் சேற்றில் முன்னால் போனவனுக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிழவர் சரிந்து நடவுக்குள் விழுந்தார். சோணைமுத்து அப்பாவைச் சேற்றிலிருந்து தூக்கி, முகத்தைத் தன் துண்டால் துடைத்தான். ஊராட்சித் தலைவரின் மாமனார். அதற்குப் பிறகு அவன் அந்த இடத்தைப்பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை.

இப்போது வேலிக்கு முன்னால் நின்றபோது முத்துமீனாவுக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவளுடைய கையெழுத்தைக் கேட்டு அவர்கள் அவள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். இன்னும் பதினாறு நாளில் அந்தக் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இருக்காது.

மறுநாள் ஊராட்சி அலுவலகத்தில் நல்லகாமனிடம் சொன்னாள். செயலர் முத்திருளனும் பக்கத்தில் இருந்தார்.

“கிராம சபையக் கூட்டுறேன்ணே. ரெண்டு தீர்மானம். மொதத் தீர்மானம் சுடுகாட்டுப் பாதைய அளந்து கல்லு நடணும்ங்கிறது. ரெண்டாவது மாநகராட்சி.”

நல்லகாமன் மேசைமேல் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

“ஊரு இருக்கிற இருப்புல இத இப்பக் கொண்டாரணுமா?”

“இப்ப விட்டா நான் எங்கிட்டுக் கொண்டாறது?”

“அது எங்கண்ணன் தென்னம்பிள்ள வச்ச எடம்.”

“பிள்ளைய நான் கேக்கலண்ணே. பாதையத்தான் கேக்குறேன்.”

“அப்ப மலையம்மா வேல? ஒங்க பொம்பளைகளுக்காகக்கூடப் போட மாட்டீகளா?”

அது அவளைத் தைத்தது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், “நாளைக்குக் காலையில நோட்டீஸ் ஒட்டணும். ஒட்டலன்னா ஏழு நாள் கணக்கு வராது. சம்மதம்னா ரெண்டு தீர்மானத்தையும் எழுதி ஒட்டச் சொல்லி முத்திருளண்ணன்ட்ட நீங்களே சொல்லிருங்க” என்று எழுந்து வந்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அழைப்பு வரவில்லை. அவர் மறுத்துவிட்டால் என்ன செய்வது? பாதையும் இல்லாமல், பெண்களின் வேலைக்காக ஒரு தீர்மானமும் போடாமல், ஐந்தாம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவது நினைக்கவே கூசியது. ஒரு கட்டத்தில் அவளே கூப்பிட்டு விட்டுக்கொடுத்துவிடலாமா என்றுகூட நம்பரை எடுத்தாள். எடுத்து வைத்துவிட்டுத் துணி ஊறப்போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முத்திருளன் கூப்பிட்டார். “தலைவரே, நோட்டீஸ் ஒட்டியாச்சு. ரெண்டு தீர்மானமும் போட்டுத்தான் ஒட்டிருக்கு.”

அடுத்த ஞாயிறு கிராம சபைக்கு அதுவரை இல்லாத கூட்டம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சாமியானா போட்டிருந்தார்கள். முத்துமீனா எழுந்து முதல் தீர்மானத்தை வாசித்தாள். புல எண்ணைச் சொன்னதுமே காளை எழுந்துவிட்டார்.

“இது என்ன கூத்து? மாநகராட்சி வேணாம்னு சொல்றதுக்குத்தான கூட்டுனீக? இதுக்குள்ள எங்கிட்டருந்து வந்துச்சு சுடுகாடு?”

எல்லாரும் நல்லகாமனைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உக்காருண்ணே. கணக்குல பாதைன்னுதான் இருக்கு.” பிறகு கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று கைகள் எழுந்தன. காலனிக் கைகள் முன்பே மேலே இருந்தன. காளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

இரண்டாம் தீர்மானத்துக்கு வாசித்து முடிக்கும் முன்பே எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். சோணைமுத்து மட்டும் பின்வரிசையில் கைகட்டி நின்றான். முத்துமீனா அவனைப் பார்த்தாள். மலையம்மாளைப் பார்த்தாள். பிறகு தானும் கையைத் தூக்கினாள். தான் செய்தது சரிதானா என்று அப்போதும் அவளுக்கு நிச்சயமில்லை.

தீர்மான நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். சர்வேயர் ஹரிராம் ஐம்பதை நெருங்கியவர், மெலிந்த ஆள். அவர் மேசைமேல் மனுக்கள் இரண்டு அடுக்காக இருந்தன.

“வரிசைப்படிதாம்மா வர முடியும். ஒங்களுக்கு முன்னாடி நாப்பது பேர் இருக்காங்க.”

“அஞ்சாம் தேதிக்குள்ள அளக்கணும் சார்.”

“அஞ்சாம் தேதிக்குள்ள நான் என் வீட்டுத் திண்டைக்கூட அளக்க முடியாது.”

செவ்வாய்க்கிழமை மறுபடி போனாள். பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், வராந்தாவில் நடந்தாள். ஹரிராம் சாப்பிடப் போனபோதும் திரும்பி வந்தபோதும் அவள் நின்றிருந்தாள். புதன் புத்தாண்டு விடுமுறை. வியாழக்கிழமை அவளைப் பார்த்ததும் அவரே கூப்பிட்டார்.

“அப்படி என்னம்மா அவசரம்? பதவி போனாலும் மனு இருக்குமே.”

முத்துமீனா மாமனார் சேற்றில் விழுந்ததைச் சொன்னாள். முதல் தடவையாக வெளியாள் ஒருவரிடம் சொன்னாள். அழவில்லை. என்ன நடந்ததோ அதை நடந்தபடி சொன்னாள்.

ஹரிராம் கொஞ்ச நேரம் மனுக்களை ஒழுங்குபடுத்தினார். “ஒண்ணு சொல்றேன். ஒங்க ஊரு டவுனுக்குள்ள போயிட்டா இந்தப் படமெல்லாம் வேற ஆபீசுக்குப் போகும். அங்க புதுசா அளப்பாங்க. எது இருக்கோ அதைத்தான் அளப்பாங்க. வேலி இருந்தா வேலியை அளப்பாங்க.” நாள்காட்டியைப் பார்த்தார். “நாளைக்குக் காலையில ஒரு அளவு தள்ளிப் போயிருக்கு. ஏழு மணிக்கு வாரேன். கல்லு தயாரா இருக்கணும்.”

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஹரிராம் வந்தார். பனி இன்னும் விலகவில்லை. சமணர் மலை பாதிதான் தெரிந்தது. அளந்து முடித்தபோது பாதை பன்னிரண்டடி அகலம் என்று வந்தது. ஏழு தென்னங்கன்றுகள் பாதைக்குள் நின்றன. காளை முதல் கல்லின்மேல் காலை வைத்துக்கொண்டு, “எவனும் நட முடியாது” என்றார். காலனி ஆண்கள் ஒரு பக்கம், ஊரார் ஒரு பக்கம். சோணைமுத்து முன்னால் ஓர் எட்டு வைத்தான். முத்துமீனா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

நல்லகாமன் வண்டியைவிட்டு இறங்கி வந்தார். சாயங்காலம் மாநகராட்சி வேண்டாம் என்று ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும், அதற்குத் தலைவர் வந்தாக வேண்டும். அது அவருக்கும் முத்துமீனாவுக்கும் தெரியும்.

“காலை எடுண்ணே” என்றார்.

“நீயுமாடா?”

“எடுண்ணே. நாளைக்கு இந்தத் தோப்பே எந்தக் கணக்குல போகுதோ. இந்த ஏழு பிள்ளைக்கு நின்னுக்கிட்டிருக்க.”

காளை காலை எடுத்தார். கல் நட்டார்கள். மறுநாள் வாய்க்கால் வேலைக்கு வந்த பெண்கள் அந்தக் கரையைத்தான் செதுக்கினார்கள். வேலியைச் சுருட்டி வைத்து, முள்ளை வெட்டி, மேடு பள்ளத்தைச் சரிசெய்தார்கள். கன்றுகளை வேரோடும் மண்ணோடும் பெயர்த்துக் காளையின் வரப்பில் வரிசையாக வைத்தாள் மலையம்மாள். ஐந்தாம் தேதி முத்துமீனா முத்திரையையும் சாவியையும் தனி அலுவலரிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்டாள்.

இரண்டாம் தீர்மானம் நிற்கவில்லை. மனுவும் நிற்கவில்லை. சித்திரையில் அரசாணை வந்தது. கருவேலங்குளம் மதுரையோடு சேர்ந்தது. நூறு நாள் வேலை நின்றது. காலனிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேராக ஷேர் ஆட்டோவில் ஏறி, ஆஸ்பத்திரியிலும் கல்யாண மண்டபத்திலும் கூட்டிப் பெருக்கப் போனார்கள். மலையம்மாளை வயதைக் காரணம் சொல்லி யாரும் எடுக்கவில்லை. அவள் முத்துமீனா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, “பாதை வந்துருச்சு. அதுல நடந்து போயி என்னத்த வெட்டச் சொல்ற?” என்று கேட்டாள். முத்துமீனா முறத்தை நடுவில் தள்ளினாள். அரை மணிநேரம் இரண்டு பேரும் முருங்கைக்கீரை உருவினார்கள்.

ஆவணியில் புதிய வார்டுகளின் வரைவுப் படத்தை மண்டல அலுவலகத்தில் ஒட்டினார்கள். முத்துமீனா போனபோது நல்லகாமன் அங்கே முன்பே நின்றிருந்தார்.

“பாத்தீகளா?” என்று விரலை வைத்துக் காட்டினார்.

ஊரும் கண்மாயும் சுடுகாடும் ஒரு வார்டு. காலனியும் பைபாஸ் ஓரத்துப் புது லேஅவுட்டுகளும் இன்னொரு வார்டு. நடுவில் ஓடிய கோடு, அவள் கல் நட்ட பாதை.

ஜன்னலுக்குள்ளிருந்த எழுத்தர், “எல்லைக்கு ரோடு, வாய்க்கா, அளந்த பாதை இந்த மாதிரிதாம்மா எடுப்பாங்க. சமீபத்துல கல்லு நட்டதா இருந்தா வசதி” என்றார்.

“பாதை உடைஞ்சா எந்த வார்டு போடும்?” என்றாள் முத்துமீனா.

“ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்க.”

நல்லகாமன் அவளுக்குப் பக்கத்தில் வந்தார். “என் மூத்த மக வீடு லேஅவுட்டுல இருக்கு. அது ஒங்க பக்கம் வந்துருச்சு. ரெண்டு பேரும் சேந்து எழுதுவமா, பழையபடி ஒண்ணா வைக்கச் சொல்லி?”

முத்துமீனா யோசித்தாள். இந்தத் தடவை அதிக நேரம் யோசிக்கவில்லை. “நீங்க ஒங்களுக்கு எழுதுங்கண்ணே. நான் வேற கேக்கணும்.” பாதை முழுவதையும் சுடுகாட்டையும் காலனி இருக்கிற வார்டிலேயே சேர்க்க வேண்டும் என்று எழுதினாள். ஹரிராம் கொடுத்த அளவுப்படத்தின் நகலை இணைத்தாள். காலனிக்கு வந்து நூற்றிருபது கையெழுத்து வாங்கினாள். மறுநாள் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தாள்.

இறுதிப் படத்தில் கோடு சுடுகாட்டுக்கு மேற்கே நகர்ந்து, பாதையும் சுடுகாடும் காலனி வார்டுக்குள் வந்திருந்தன. நல்லகாமன் கேட்டது நடக்கவில்லை.

பழைய ஜவுளிக்கடை முதலாளியின் மகனிடம் சொல்லி அவள் மறுபடியும் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். கடையில் ஊழியர்களுக்குச் சமைக்க ஆள் வேண்டுமென்றபோது மலையம்மாளைக் கூட்டிப்போய் நிறுத்தினாள். இருவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். மலையம்மாள் வழியெல்லாம் குறைப்பட்டுக்கொண்டே வந்தாள். இருந்தாலும் ஒரு நாளும் லீவு போடவில்லை.

“கவுன்சிலருக்கு நீ நில்லு” என்று காலனியில் பேச்சு வந்தது. வார்டில் பதினாலாயிரம் ஓட்டு. காலனியில் அறுநூறுகூட இல்லை. மற்றவர்கள் யார் யாரென்றே அவளுக்குத் தெரியாது. நிற்பதா வேண்டாமா என்று இரண்டு வாரம் மனசு கிடந்து அலைந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு, சோணைமுத்துவிடம் “இந்தா வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு லேஅவுட்டுக்கு நடந்தாள். முதல் தெருவில் முதல் வீட்டு மணியை அழுத்தினாள்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். உள்ளே யாரிடமோ சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொல்லிவிட்டு இவளைப் பார்த்தார். வாசல் பலகையில் நாகமணி என்று எழுதியிருந்தது.

“யாரும்மா?”

“முத்துமீனாங்க. கருவேலங்குளம்.”

“கருவேலங்குளமா? அது எங்க இருக்கு?”

முத்துமீனா தெருவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்தாள்.

“இந்தா, நீங்க நிக்கிற எடந்தாங்க.”

நாகமணி ஒரு கணம் விழித்தார். பிறகு கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, “வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க” என்றார்.